அவர் விலகிப் போய்விட்டாரா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய ஒரு வருடமாக ஜெபத்தில் தேவ பிரசன்னத்தை உணர முடியவில்லை என்கிறீர்கள். ஜெப நேரத்தை இரட்டிப்பாக்கினீர்கள், உபவாசம் இருந்தீர்கள், ஒன்றும் மாறவில்லை. "உங்கள் வாழ்க்கையில் எங்கோ கீழ்ப்படியாமை இருக்கிறது, ஏதோ ஒரு விக்கிரகம் இருக்கிறது, அதனால்தான் தேவன் விலகிவிட்டார்" என்று ஒருவர் சொன்னது உங்களைக் குடைந்துகொண்டிருக்கிறது. தெரிந்து எந்தப் பெரிய பாவமும் செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவே ஒரு வரி வருகிறது: அப்பா விட்டுச் சென்ற வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை, "ஆனால் அது வேறு விஷயம்." அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். கீழ்ப்படியாமையும் விக்கிரகமும் தேவனோடுள்ள உறவைப் பாதிக்கும் என்பதில் வேதம் முழுவதும் ஒரே குரல்தான். ஆனால் அது எப்படிப் பாதிக்கிறது, யார் யாரை விட்டு விலகுகிறார்கள், உணர்வு வற்றிப்போனால் அவர் போய்விட்டார் என்று பொருளா என்பதையெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்த அவசரம்தான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆராதனையில் நாம் "பிரசன்னம்" என்கிறோம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்போ பெரும்பாலும் "சமுகம்" என்கிறது. "உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்?", "உமது சமுகத்தை விட்டு என்னைத் தள்ளாமலும் இரும்" என்ற சங்கீத வரிகள் உங்களுக்குத் தெரியும். பலர் இதை எழுத்துப்பிழை என்று நினைத்து "சமூகம்" என்று திருத்தி எழுதிவிடுகிறார்கள். அது வேறு சொல், இது வேறு சொல். சமுகம் என்றால் முகத்துக்கு நேரே இருப்பது, முன்னிலை. எபிரெயத்தில் இந்த இடங்களில் இருக்கும் சொல் பானீம், அதாவது முகம். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்கென்று அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தில் வைத்த சமுகத்தப்பங்கள்கூடச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் "முகத்தின் அப்பங்கள்"தான்.

தமிழில் "முகம் கொடுத்துப் பேசுவது" என்று ஒரு வழக்கு உண்டு. ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள், ஒரே பானையில் சாப்பிடுவார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தகப்பனுக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்ட மகன் அன்று மாலை வீட்டுக்கு வரும்போது கவனித்திருப்பீர்கள். தகப்பன் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, மகனும் மகன் என்ற உரிமையை இழக்கவில்லை. ஆனாலும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. தேவ சமுகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். அவர் எங்கும் இருக்கிறார் என்பது ஒன்று. தம் ஜனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் நடுவே வாசம்பண்ணுகிறார் என்பது இன்னொன்று. அவருடைய முகத்தை நோக்கி நாம் இருக்கிறோமா என்பது மூன்றாவது. ஏதேனில் பாவம் செய்த அன்று தேவன் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆதாமும் அவன் மனைவியும்தான் "கர்த்தருடைய சந்நிதிக்கு விலகி" விருட்சங்களுக்குள் ஒளிந்தார்கள். தேடிக்கொண்டு வந்தவர் அவர்.

இனி, விக்கிரகத்துக்கும் சமுகத்துக்கும் உள்ள தொடர்பை வேதம் மிக விரிவாகச் சொல்லும் இடத்துக்குப் போவோம். யாத்திராகமம் 32 முதல் 34 வரையுள்ள மூன்று அதிகாரங்கள். மோசே மலையில் இருந்தபோது இஸ்ரவேலர் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கிய கதையை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டதால், அதில் இருக்கும் சில கூர்மையான விஷயங்கள் கண்ணில் படுவதில்லை.

மோசே 40 நாள் மலையின்மேல் இருக்கிறார். அங்கே நடப்பது என்ன? தேவன் ஜனங்களின் நடுவே வாசம்பண்ணுவதற்கான கூடாரத்தின் மாதிரி காட்டப்படுகிறது. அதற்கு அவர்களிடம் முதலாவது கேட்கப்படும் காணிக்கை பொன். மேலே சமுகத்துக்காகப் பொன் கேட்கப்படும் அதே நாட்களில், கீழே அவர்கள் பொன் காதணிகளைக் கழற்றி மோசேயின் அண்ணன் ஆரோனிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன்? "மோசேக்கு என்ன சம்பவித்ததோ அறியோம்." அவர் வரத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். எங்களுக்கு முன்செல்லும் தெய்வங்களை உண்டுபண்ணும் என்கிறார்கள். தேவன் தர இருந்ததைத்தான் அவர்களும் கேட்டார்கள், ஆனால் இன்றைக்கே வேண்டும் என்று கேட்டார்கள். விக்கிரகம் பெரும்பாலும் காத்திருக்க முடியாதவனின் கைவேலை.

இன்னொன்றையும் பாருங்கள். கன்றுக்குட்டியின் முன் பலிபீடம் கட்டிய ஆரோன், "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்று அறிவிக்கிறார். கர்த்தருடைய பெயரை அவர்கள் விட்டுவிடவில்லை. பெயர் பழையதுதான். நம் கைக்கு அடங்கும் ஓர் உருவத்துக்குள் அந்தப் பெயரை அடைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமும் அதையேதான் செய்தான். எருசலேம் வரை போவது உங்களுக்கு வருத்தம் என்று அனுதாபத்தோடு சொல்லி, பெத்தேலில் ஒன்றும் தாணில் ஒன்றுமாக இரண்டு கன்றுக்குட்டிகளை வைத்தான். வசதி என்ற காரணத்துக்காகப் பிறந்த விக்கிரகம் அது. கர்த்தரை வெளிப்படையாக மறுதலித்து விக்கிரகத்துக்குப் போனவர்களைவிட, கர்த்தரையும் வைத்துக்கொண்டு அதையும் வைத்துக்கொண்டவர்களைத்தான் தீர்க்கதரிசிகள் அதிகம் எதிர்கொண்டார்கள். சமாரியாவில் குடியேறியவர்களைப் பற்றி இரண்டாம் இராஜாக்கள் சொல்வதும் இதுதான்: கர்த்தருக்குப் பயந்தும் வந்தார்கள், தங்கள் தேவர்களைச் சேவித்தும் வந்தார்கள்.

அதன்பின் வரும் 33ஆம் அதிகாரம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான இடம். தேவன் சொல்கிறார்: தேசத்தைத் தருவேன், தூதனை அனுப்புவேன், எதிரிகளைத் துரத்துவேன், ஆனால் நான் உங்கள் நடுவே வரமாட்டேன். எல்லா ஆசீர்வாதமும் உண்டு, ஆசீர்வதிக்கிறவர் மட்டும் இல்லை. இதை ஒரு நல்ல பேரம் என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலைதான் விக்கிரகத்தின் உண்மையான பரிசோதனை. கானான் கிடைத்தால் போதும் என்று அன்று சொல்லியிருக்கலாம். மோசே சொல்லவில்லை. "உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்" என்றார். வனாந்தரத்திலேயே நிற்கத் தயாராக இருந்தார்.

வரமாட்டேன் என்றதற்குத் தேவன் சொன்ன காரணத்தையும் கவனியுங்கள். நீங்கள் வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள், வழியிலே நான் உங்களை நிர்மூலமாக்க நேரிடும் என்கிறார். அவர் விலகி நிற்பதாகச் சொன்னதிலேயே ஓர் இரக்கம் இருக்கிறது. ஆனால் 34ஆம் அதிகாரத்தில், இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று அவருடைய நாமம் கூறப்பட்டதைக் கேட்டபின், மோசே அதே காரணத்தைத் திருப்பி வைத்து மன்றாடுகிறார்: எங்கள் நடுவில் எழுந்தருளும், இவர்கள் வணங்காக் கழுத்துள்ளவர்கள். எதனால் வரமாட்டேன் என்றாரோ, அதுவே அவர் வரவேண்டியதற்கான காரணமாகிவிட்டது. இந்த இடத்தை முதல்முறை இப்படிப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம்முடைய தகுதியை வைத்து அவர் தங்குகிறார் என்றால் அந்தக் கதை 32ஆம் அதிகாரத்திலேயே முடிந்திருக்கும்.

கீழ்ப்படிதல் அதற்குப் பிறகு வருகிறது. கூடாரம் கட்டிய கடைசி அதிகாரத்தில் மட்டும், "கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே" என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப, ஏழெட்டு முறை வருகிறது. படிப்பதற்குச் சலிப்பாகக்கூட இருக்கும். பலகையை நிறுத்தினான், கற்பித்தபடியே. திரையைத் தொங்கவிட்டான், கற்பித்தபடியே. தண்ணீர் வார்த்தான், கற்பித்தபடியே. அதன்பின்தான் மேகம் கூடாரத்தை மூடியது, மகிமை வாசஸ்தலத்தை நிரப்பியது. மேகத்தை அவர்கள் சம்பாதிக்கவில்லை. மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆனால் மன்னிக்கப்பட்டவர்கள் சொன்னபடி கட்டிய இடத்தில் அது வந்து இறங்கியது.

"அப்படியானால் என்னிடமிருந்து ஆவியானவர் போய்விடுவாரா?" என்று அடுத்த கேள்வி வரும். இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலை விட்டுக் கர்த்தருடைய ஆவி நீங்கினது உண்மை. கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அறியாமல் சிம்சோன் எழுந்து உதறிக்கொண்டதும் உண்மை. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஆவியானவர் ராஜாக்கள்மேலும் நியாயாதிபதிகள்மேலும் இறங்கியது பெரும்பாலும் ஊழியத்துக்கான அபிஷேகம். புதிய உடன்படிக்கையில் பவுல், "பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்" என்று எச்சரிக்கும் அதே வாக்கியத்தில், மீட்கப்படும் நாளுக்கென்று அவரால் முத்திரை போடப்பட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்கிறார். துக்கப்பட வேண்டுமானால் அவர் உள்ளே இருக்க வேண்டும். வீட்டை விட்டுப் போனவரை யாரும் தினமும் துக்கப்படுத்த முடியாது. முழுவதுமாக விழுந்துபோக முடியுமா என்பதில் கால்வின் மரபும் வெஸ்லி மரபும் வெவ்வேறு பதில் சொல்கின்றன. அந்த விவாதத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. தேடுகிற மனிதனுக்கு அது உடனடித் தேவையும் இல்லை. ஒரு வருடமாக அவரைத் தேடித் தவிக்கிறீர்கள் என்பதே உங்களுக்குள் யாரோ இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதற்கு அடையாளம்.

சரி, அவர் போகவில்லை என்றால் விக்கிரகம் என்னதான் செய்கிறது?

மறுபடியும் தமிழ்தான் எனக்கு உதவிக்கு வருகிறது. "பிள்ளை சொன்னால் கேட்கிறானா?" என்று கேட்கும்போது அவன் காது கேட்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. சொல் கேட்பது என்றாலே நமக்குக் கீழ்ப்படிவதுதான். எபிரெயத்திலும் அப்படியே. ஷமா என்ற ஒரே வினை கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் கட்டளையில் இருப்பது அந்தச் சொல்தான். எதிரிகளின் ஆடுமாடுகளை அழிக்கச் சொன்ன கட்டளையை மீறி, நல்லவற்றைப் பலிக்கென்று தப்பவைத்த சவுலிடம் தீர்க்கதரிசி சாமுவேல் சொன்ன புகழ்பெற்ற வார்த்தையிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: "பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப் பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." அடுத்த வசனத்தில் முரட்டாட்டம் விக்கிரகாராதனைக்குச் சரி என்கிறார். சவுல் எந்தச் சிலையையும் வணங்கவில்லையே, இது மிகை இல்லையா என்று தோன்றும். முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்தால் தெரியும். யுத்தம் முடிந்ததும் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டியிருக்கிறான். ஏன் கீழ்ப்படியவில்லை என்றதற்கு, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். யார் சொல்லைக் கேட்டாயோ அவரே உன் தெய்வம். கடைசியில், பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். ராஜ்யம் கையை விட்டுப் போகும் நேரத்திலும் அவன் கண் கூட்டத்தின்மேல்தான் இருந்தது.

இதனால்தான் கீழ்ப்படியாமையும் விக்கிரகமும் இரண்டு தனித்தனிப் பாவங்களாக எனக்குத் தோன்றுவதில்லை. ஒரு கட்டளையை நாம் மீறும் இடத்தில், அதைவிடப் பெரிதாக நாம் மதிக்கும் ஏதோ ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மீறல் வெளியே தெரிவது, விக்கிரகம் உள்ளே இருப்பது.

115ஆம் சங்கீதம் விக்கிரகங்களைக் கேலி செய்கிறது. வாய் உண்டு பேசாது, கண் உண்டு காணாது, காது உண்டு கேளாது. கேலி முடியும் இடத்தில் ஒரு கனத்த வரி: அவைகளைப் பண்ணுகிறவர்களும் நம்புகிறவர்களும் "அவைகளைப்போலவே இருக்கிறார்கள்." என் பார்வையில் முழு விஷயத்துக்கும் சாவி இங்கே இருக்கிறது. கேளாத ஒன்றின்முன் நெடுநாள் நின்றவனுக்குக் காது மந்தமாகிறது. தேவன் பேசாமல் போவதற்கு முன்பே இவனுக்குக் கேட்காமல் போய்விடுகிறது. பணத்தின்முன் நின்றவனைப் பாருங்கள், பணத்தைப் போலவே எல்லாவற்றுக்கும் விலை பார்ப்பவனாகிவிடுவான். மனிதர்களின் பாராட்டின்முன் நின்றவனுக்குக் கூட்டம் கலைந்ததும் முகமே இருக்காது. இதற்கு நேரெதிராகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு, அந்தச் சாயலாகவே மறுரூபப்படுகிறோம். இரண்டிலும் ஒரே விதிதான் வேலை செய்கிறது. யாருடைய முகத்தின்முன் நிற்கிறோமோ அந்தச் சாயல் நம்மேல் படிகிறது.

தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்ட தரிசனத்தையும் சொல்லியாக வேண்டும். கி.மு. 592 வாக்கில், பாபிலோன் தேசத்தில் சிறைப்பட்டவர்களோடு இருந்த அவரை ஆவியானவர் எருசலேம் ஆலயத்துக்குத் தரிசனத்தில் கொண்டுபோகிறார். சுவரில் ஒரு துவாரம். அதைத் தோண்டி உள்ளே போனால் 70 மூப்பர்கள், இருட்டறையில், கையில் தூபகலசங்களோடு. வெளியே ஆலய ஒழுங்குகள் வழக்கம்போல் நடக்கின்றன. அவர்கள் சொல்வது என்ன? "கர்த்தர் எங்களைப் பார்க்கிறதில்லை, கர்த்தர் தேசத்தைக் கைவிட்டார்." ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், தேவனுடைய மகிமை அங்கே விளங்கிற்று என்று எழுதியிருக்கிறது. அவர் கைவிட்டார் என்று அவர்கள் சொன்ன நாளில் அவர் அதே வளாகத்தில் இருந்தார்! அவர் போய்விட்டதால் வேறு ஒன்றைத் தேடினோம் என்பது அவர்களின் சமாதானம். நடந்ததோ வேறு. அதற்குப் பின்புதான் மகிமை கிளம்புகிறது. அதுவும் ஒரேயடியாக அல்ல. கேருபீன் என்ற செட்டையுள்ள பரலோக ஜீவனை விட்டு வாசற்படிக்கு, வாசற்படியிலிருந்து கிழக்கு வாசலுக்கு, அங்கிருந்து நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைக்கு. போக மனமில்லாமல் நின்று நின்று போகிறவரின் நடை அது. அந்த ஆலயம் இடிந்தது சில ஆண்டுகள் கழித்து, கி.மு. 586இல். இன்னொரு வசனமும் அந்தப் பகுதியிலேயே இருக்கிறது: சிறைப்பட்டுப் போன தேசங்களில் நானே அவர்களுக்குக் கொஞ்சகாலம் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்கிறார். ஆலயத்தை விட்டவர் ஜனங்களை விடவில்லை.

நம் காலத்து விக்கிரகங்கள் எவை என்று பட்டியல் போடும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். தொலைபேசி, தொலைக்காட்சி, கிரிக்கெட் என்று நீளும். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பிரசங்கியாருக்குப் பிடிக்காதவற்றின் பட்டியலாகவே எனக்குப் படுகின்றன. 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போது சீர்திருத்தவாதி லூத்தர் எளிமையாக ஒன்று சொன்னார்: உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதைச் சார்ந்திருக்கிறதோ, அதுவே உண்மையில் உன் தெய்வம். இந்த அளவுகோல் போதும். எதை இழந்தால் நான் இல்லை என்று தோன்றுகிறது? எதைப் பற்றித் தேவன் பேச வந்தால் ஜெபத்தில் பேச்சை மாற்றுகிறேன்?

நல்ல காரியங்களும் இதில் விழும் என்பதற்கு மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் சாட்சி. தேவன் சொல்லிச் செய்தது, பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட வேண்டியிருந்தது. ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் வேதபாட வகுப்பு எடுத்தேன். உடல்நலக் குறைவால் சில மாதங்கள் நிறுத்த வேண்டி வந்தபோது, எனக்குப் பதிலாக வந்தவர் நன்றாக நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று என்னால் ஜெபிக்க முடியவில்லை. அதுவரை நான் யார் முன் நின்றுகொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

பிரசன்ன உணர்வே ஒரு விக்கிரகமாகலாம். இதை உங்களுக்குச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். முதலாம் சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் ஒரு போரில் தோற்று, ஏறக்குறைய 4,000 பேரை இழக்கிறார்கள். ஏன் தோற்றோம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், தேவ சமுகத்தின் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து கொண்டுவருகிறார்கள். பெட்டி வந்ததும் பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். ஆராதனை உச்சத்தில் இருந்தது. அடுத்த போரில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. சமுகத்தின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு அவருடைய சொல்லைக் கேட்காமல் இருக்க முடியும், உடல் சிலிர்க்க ஆர்ப்பரித்துக்கொண்டே இருக்க முடியும் என்பதை அந்த அதிகாரம் மறைக்கவில்லை. நீங்கள் தேடுவது அவரையா, அல்லது இரண்டு வருடங்களுக்கு முன் ஜெபத்தில் உங்களுக்குக் கிடைத்த அந்த அனலையா?

இனி உங்களிடம் பேசியவர் சொல்லாமல் விட்ட பாதி. உணர்வு இல்லாமை எல்லாமே கீழ்ப்படியாமையின் விளைவு அல்ல. யோபு முன்னாகப் போனாலும் அவர் இல்லை, பின்னாகப் போனாலும் அவரைக் காணேன் என்று தவித்தபோது அவர் எந்த விக்கிரகத்தையும் வைத்திருக்கவில்லை. உத்தமன் என்று தேவனே சொன்ன மனிதர் அவர். ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அடித்துச் சொன்ன மூன்று நண்பர்களைத்தான் கடைசியில் தேவன் கடிந்துகொண்டார். ஏசாயா 50:10 இன்னும் தெளிவு: கர்த்தருக்குப் பயந்து, அவருடைய தாசனின் சொல்லைக் கேட்டு, அப்படியும் வெளிச்சமில்லாமல் இருட்டிலே நடக்கிறவன் உண்டு. அவனுக்குச் சொல்லப்பட்டது, உன் பாவத்தைத் தோண்டிக்கொண்டே இரு என்பதல்ல. கர்த்தருடைய நாமத்தை நம்பிச் சார்ந்துகொள் என்பதே. 1646இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இரண்டு காரணங்களையும் ஒன்றாகவே வைக்கிறது. அசதியாலும் பாவத்தாலும் ஆவியானவரைத் துக்கப்படுத்துவதாலும் இரட்சிப்பைப் பற்றிய நம் நிச்சயம் அசையலாம், தேவன் தம் முகத்தின் வெளிச்சத்தைச் சில காலம் மறைத்துக்கொள்வதாலும் அசையலாம். உடல் சோர்வும் மனச்சோர்வும் ஜெபத்தை வறட்சியாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் இந்த ஒரு வருடத்தில் மாறியிருந்தால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

இரண்டில் உங்களுடையது எது? வெளியிலிருந்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆவியானவர் உணர்த்துவதற்கும் வெறும் குற்றவுணர்வுக்கும் ஒரு வித்தியாசத்தைக் கண்டிருக்கிறேன். குற்றவுணர்வு மூடுபனி மாதிரி, எங்கோ ஏதோ தவறு என்று மட்டும் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அவர் உணர்த்தும்போது ஒரு பெயரும் ஒரு முகமும் ஒரு காரியமும் இருக்கும். பெரும்பாலும் அது நமக்கு முன்பே தெரிந்ததாகவும் இருக்கும்.

கீழ்ப்படிந்தால் உணர்வு திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். அப்படிக் கீழ்ப்படிவது லஞ்சம். "ஒருவன் என்னில் அன்பாயிருந்தால், அவன் என் வசனத்தைக் கைக்கொள்ளுவான், நாங்கள் அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்" என்று இயேசு சொன்னதில் வரிசை அன்பில் தொடங்குகிறது. அதை யாரிடம் சொன்னார் என்பதும் முக்கியம். சேவல் கூவுமுன் மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் சொல்லி முடித்த அதே பந்தியில், அன்றிரவே ஓடிப்போகப் போகிறவர்களிடம் சொன்னார். எபிரெயர் 13:5இல் வரும் "உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்குறுதியையும் நாம் சுவரில் மாட்டும்போது முன்பாதியை வெட்டிவிடுகிறோம். பண ஆசையில்லாதவர்களாய் நடங்கள், இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள் என்பதற்குக் காரணமாகத்தான் அந்த வாக்குறுதி வருகிறது. அவர் கூட இருக்கிறார், ஆகவே பணத்தை விட்டுவிடலாம் என்கிறது. பணத்தை விட்டால் கூட இருப்பார் என்று சொல்லவில்லை.

இப்போது அந்த "வேறு விஷயம்."

பாகப்பிரிவினையில் நியாயம் உங்கள் பக்கமா அண்ணன் பக்கமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பக்கமாகவே இருக்கலாம். லூக்கா 12இல் ஒருவன் வந்து, ஆஸ்தியைப் பாகம் பிரிக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று இயேசுவிடம் கேட்டான். அவனுக்கும் நியாயம் இருந்திருக்கலாம். இயேசு வழக்கைத் தொடவே இல்லை, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தப் பொருளாசையைத்தான் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது விக்கிரகாராதனை என்கிறார். மலைப் பிரசங்கத்திலோ இன்னும் சங்கடமான ஒன்று இருக்கிறது. பலிபீடத்தின்முன் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். கவனியுங்கள், அண்ணன்மேல் உங்களுக்குள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சில்லை. உங்கள்மேல் அவருக்குள்ள குறை. அந்த நேரத்தில் கீழ்ப்படிதல் ஒருவனை ஜெப அறைக்கு வெளியே நடக்க வைக்கிறது.

யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் போராடி, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று அந்த இடத்துக்குப் பெனியேல் என்று பேரிட்டான். மறுநாள் தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டே, இருபது வருடத்துக்குமுன் தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவின் முன் போய் ஏழுதரம் குனிந்தான். நூற்றுக்கணக்கான ஆடுமாடுகளை முன்னால் அனுப்பியிருந்தான். என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும் என்று அவன் கெஞ்சும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "ஆசீர்வாதம்." அன்று அப்பாவின் படுக்கையருகே தந்திரமாக வாங்கிக்கொண்டதைக் குறித்த அதே சொல். ஏசா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது யாக்கோபு சொன்னது: தேவனுடைய முகத்தைக் காண்கிறதுபோல உம்முடைய முகத்தைக் கண்டேன்.

ஜெப நேரத்தை இன்னும் கூட்ட வேண்டாம். இந்த வாரம் ஒரு நாள், அந்த நேரத்தில் அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். வீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும். உங்களாலானமட்டும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் எழுதினார், அதற்குமேல் உங்கள் கையில் இல்லை. அவர் எடுக்காமலும் போகலாம், எடுத்துக் கோபமாகப் பேசவும் செய்யலாம். அப்படி நடந்தால் மறுபடி எழுதுங்கள். அதற்கு வேறொரு பதில் தேவைப்படும்.